தண்ணீர் தெளியும்வரை

வள்ளி பதினெட்டு வருஷம் பட்டு அலசியவள். பிள்ளையார்பாளையத்தில் அவள் புருஷன் தேவேந்திரன் சாயம் போடுகிறவன். கொதிக்கிற அண்டாவிலிருந்து அவன் பட்டு நூல் கழியைத் தூக்கிக் கொடுத்தால் இவள் வாங்கித் தொட்டியில் அலசுவாள். எத்தனை தடவை என்ற கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீர் தெளிய வேண்டும், அவ்வளவுதான். சந்தன நிறம் இரண்டு தண்ணீரில் தெளிந்துவிடும். அரக்குக்கு ஏழெட்டு ஆகும். வாடாமல்லி இருக்கிறதே, அது பத்துத் தண்ணீர் பார்த்தாலும் அடங்காது. சரியாக அலசாத பட்டு, முகூர்த்த நேரத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கிற கல்யாணப் பெண்ணின் இடுப்பில் சாயத்தை இறக்கி மானத்தை வாங்கிவிடும். தேவேந்திரன் பட்டறைக்கு அப்படி ஒரு புகார் வந்ததே இல்லை. அந்தப் பேரில் பாதி வள்ளியுடையது என்று அவனே சொல்வான், வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டால்.

போன வருஷம் சித்திரையில் அவள் கைகள் வெடிக்க ஆரம்பித்தன. முதலில் விரலிடுக்கில் அரிப்பு, பிறகு உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, சாப்பாட்டில் உப்பு பட்டாலே உயிர் போகிற எரிச்சல். டாக்டர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயத்தில் கலக்கிற உலோக உப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மடக்க முடியாமல் போய்விடும் என்றார். தேவேந்திரன் பயந்துபோய் அலசுவதற்கு வேறு ஆளைப் போட்டான். சும்மா இருக்கத் தெரியாத வள்ளி, ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருந்த ஒரு தனியார் லேபில் அட்டெண்டர் வேலைக்குப் போனாள். கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. கையில் உறை மாட்டிக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆறே மாதத்தில் கை ஆறிவிட்டது. குழம்பைப் பிசைந்து சாப்பிடுகிற சுகத்துக்காகவே அந்த லேபை அவள் கும்பிட்டாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த சிநேகிதி சிம்ரன். கூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, ஒரு மருந்து ஆராய்ச்சி முடிகிறவரைக்கும் என்று ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். அப்பா ராமராஜன் செங்கல் லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். வள்ளியின் கத்தரிக்காய் கொத்சுக்கும் சிம்ரனின் முட்டைப் பொரியலுக்கும் மத்தியான வேளையில் கொடுக்கல் வாங்கல் கிடையாது, வள்ளி சைவம். ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை.

"இன்னாதான்மா பண்றீங்க அந்த ரூம்ல?" என்று வள்ளி ஒருநாள் கேட்டாள்.

"செம்போட ஒண்ண சேத்து ஒரு மருந்து செஞ்சிருக்காங்கக்கா. அது வைரஸ அடக்குமான்னு பாக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி, அது நம்ம உடம்பு செல்ல கொல்லாம இருக்குதான்னு பாக்கணும். அதான் நாங்க பண்றது."

"நம்ம உடம்பு செல்லா? யாரு உடம்பு?"

"கொரங்கோட கிட்னில இருந்து எடுத்ததுக்கா."

வள்ளி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். "ராமா. சொல்றதுக்கு வேற நேரம் கெடைக்கலயா?"

சிம்ரன் சிரித்தாள். "தட்டுல குட்டிக் குட்டியா குழி இருக்குதில்ல, அதோட அடில செல்லு ஒட்டிக்கினு வளரும். மேல மருந்த உடுவோம். ஒரு குழில கொஞ்சூண்டு, அடுத்ததுல கொஞ்சம் ஜாஸ்தி, அப்டியே ஏத்திக்கினே போவோம். ஒரு நாள் கழிச்சி மருந்த கழுவி எடுத்துட்டு, மஞ்சளா ஒரு சாயம் ஊத்துவோம். செல்லு உசுரோட இருந்தா அது ஊதாவா மாறிடும். செத்துட்டா மஞ்சளாவே நிக்கும்."

"வைரஸ அடக்கிச்சின்னா போதாதா? இது இன்னாத்துக்கு மொதல்ல?"

"செல்லுக்குள்ளதான்கா வைரஸ் வளரும். செல்லே செத்துட்டா அது எங்க வளரும்? நாம பாட்டுக்கு வைரஸ மருந்து அடக்கிடிச்சின்னு ஏமாந்துடுவோம்."

சாயம், நிறம் என்று காதில் விழுந்ததும் வள்ளிக்கு அந்த அறை தன் வீட்டுப் பட்டறையின் பக்கத்து அறை மாதிரி ஆகிவிட்டது. ஓய்ந்த நேரத்தில் சிம்ரன் அவளுக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். வெறும் தட்டில் கலர் தண்ணீர் விட்டு வள்ளி பழகினாள். கை நடுங்காத பெண்பிள்ளை என்று சிம்ரன் மெச்சினாள். விளையாட்டாகத்தான் நடந்தது இதெல்லாம், ஆனாலும் ஆனந்தகுமார் சார் வருகிற சத்தம் கேட்டால் இருவரும் தட்டை ஒளித்துவிடுவார்கள். லேபுக்குத் தலைவர் அவர்தான். நல்ல மனுஷர், ஆனால் விதி என்றால் விதி.

ஐப்பசி அடைமழையில் அந்த நாள் வந்தது. வாசலில் தண்ணீர் தேங்கிப் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. சிம்ரன் மூன்று தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கழுவ உட்கார்ந்தபோது அவள் போன் அடித்தது. கூரம் ஏரிக்கரையில் வண்டி சறுக்கி அப்பா விழுந்துவிட்டாராம். அதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, மேல இருக்கிற மருந்த உறிஞ்சி எடுத்துட்டு, இந்த பாட்டில் தண்ணிய உட்டு ஒரு அலசு அலசி வைங்கக்கா. மூணு தட்டும். நான் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வள்ளி உட்கார்ந்தாள். மருந்து விடாத குழிகளில் நிறம் கிடையாது. ஒரு தண்ணீர் விட்டு எடுத்தாள், தெளிவாக இருந்தது. கொஞ்சம் மருந்து விட்ட குழிகளில் செம்பின் லேசான நீலம் தங்கியிருந்தது, இரண்டு தண்ணீர் விட்டாள். கடைசி வரிசைகளில் மயில் கழுத்து மாதிரி அடர்ந்து கிடந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று விட்டு, சொட்டு நீலம் இல்லாமல் தெளிந்த பிறகுதான் அவள் கை நின்றது. மூன்று தட்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாக் குழிகளும் ஒரே மாதிரி பளிச்சென்று இருந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு கைத்தொழில் செய்த திருப்தி அவளுக்கு.

அரை மணி கழித்து சிம்ரன் கண் சிவந்து வந்தாள். அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. நின்றபடியே மஞ்சள் சாயத்தை ஊற்றினாள், நோட்டில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பர்மிஷன் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் மெஷின் கொடுத்த கணக்கைப் பார்த்து ஆனந்தகுமார் சார் பெருமூச்சு விட்டார். மருந்து இல்லாத இடத்தில் நல்ல ஊதா. மருந்து ஏற ஏற ஊதா குறைந்து, கடைசி வரிசைகளில் வெறும் மஞ்சள். "இவ்ளோ சுத்தமான ரிசல்ட் பாத்து ரொம்ப நாளாச்சு. சந்தேகமே இல்ல, செல்லைக் கொல்லுது. வைரஸ் டெஸ்டுக்கு அனுப்பறதுல அர்த்தம் இல்ல" என்று ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டு அனுப்பினார். மருந்து செய்த கம்பெனி நான்காம் நாளே ஆராய்ச்சியை மூடிவிட்டது. அத்தோடு சிம்ரனின் ஒப்பந்தமும் மாசக் கடைசியோடு சரி.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அழவில்லை. டப்பாவை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தாள். "அப்பா கைய கட்டிப் போட்டுக்கினு வூட்ல இருக்காரு. நானும் போயி பக்கத்துல குந்திக்க வேண்டியதுதான். பாவம்கா அந்த செல்லுங்க. நல்லா ஒட்டிக்கினு வளந்து இருந்துச்சி. அதுங்கள பூ மாதிரி பாத்துக்கணும், ஒரு தடவைக்கு மேல கழுவினாலே பேந்துக்கினு வந்துடும்."

சிம்ரன் மேலும் என்னவோ சொன்னாள், அது வள்ளியின் காதில் ஏறவில்லை. கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது குழம்பிக்கொண்டே வந்தாள். செத்ததா, அலசியதில் போனதா? செம்பு பொல்லாததுதான், அவள் கையையே தின்ற சாதிதானே. அப்படியென்றால் அதுதான் கொன்றிருக்க வேண்டும். ஆனால் மஞ்சளாக நின்ற குழியெல்லாம் அவள் அதிகமாக அலசிய குழி. நீலம் அதிகம் இருந்ததால்தானே அதிகமாக அலசினாள்? இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன, எங்கே பிரித்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. நிறுத்தத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய்த்தான் இறங்கினாள்.

வீட்டில் மழைக்குக் காயாத பட்டுக் கழிகள் கூடம் முழுக்கத் தொங்கின. தேவேந்திரன் மின்விசிறியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். வள்ளி நடந்ததைச் சொன்னாள். அவன் விசிறியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இதுல நீ பண்ண தப்பு இன்னா? அலசுன்னுச்சி, அலசின."

"ஒரு அலசு அலசுன்னு சொல்லிச்சிங்க அது."

"ஒரு அலசுன்னா ஒரு தண்ணியா? நம்ம ஊட்ல ஒரு அலசு அலசுன்னா தெளியற வரைக்கும்தானே அலசுவ."

"அதத்தான் நானும் சொல்றேன். அது அவங்க வூடு."

அவன் யோசித்தான். "இத்த கேளு. நல்லா புடிச்ச சாயம் எத்தினி தண்ணிக்கும் போவாது. புடிக்காததுதான் போவும். அந்த செல்லு பேந்துக்கினு வந்துச்சின்னா, அது ஏற்கெனவே செத்துக் கெடந்துச்சின்னுதானே அர்த்தம்?"

வள்ளிக்கு இது நியாயமாகப் பட்டது. இரண்டு நிமிஷம் நிம்மதியாக இருந்தாள். பிறகு கேட்டாள், "உசுரு இருக்கிற கொழந்தைய ஏழு தண்ணில அமுக்கி எடுத்தா?"

"கொழந்தையும் சாயமும் ஒண்ணா? நீ இன்னா பேசற?"

"நீங்கதான ஒண்ணாக்கினீங்க."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"அதான் தெரியல. சொன்னா என் வேல போயிடும். சொல்லலன்னா அந்தப் பொண்ணு வேல போயிடும். சரி சொல்லிட்டேன்னு வைங்க, மறுபடி பாத்துட்டு அப்பவும் செத்துதான் கெடக்குதுன்னா? ரெண்டு பேர் வேலையும் போயி, ஒண்ணும் இல்லாம நிப்போம்."

தேவேந்திரன் அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஆறிய தோல், ரேகையெல்லாம் தெரிந்தது. "இந்தக் கையோட நீ திரும்ப தொட்டிக்கு வர்றத நான் பாக்க மாட்டேன் வள்ளி. உனுக்கு எது சரின்னு படுதோ பண்ணு. ஆனா யோசிச்சி பண்ணு" என்றான். யோசிக்கத்தான் அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை லேப் வாசலிலேயே சிம்ரனை மடக்கிச் சொல்லிவிட்டாள். சிம்ரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன தடவக்கா?"

"நீலம் போற வரைக்கும்மா."

"நீலம் ஜாஸ்தி இருந்த குழிய ஜாஸ்தி?"

"ஆமா."

சிம்ரன் தலையில் கை வைத்தாள். "அதான் ஊதா படிக்கட்டு மாதிரி எறங்கிச்சி. சார் வேற சுத்தமான ரிசல்ட்டுன்னாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையானது.

"நான் சார்கிட்ட சொல்லிடறேன். உன் வேல நிக்கும்."

"ஐயோ, வேணாம்கா. நோட்ல நான்தான் கழுவினேன்னு கையெழுத்து போட்டுட்டேன். ஒரு முறை கழுவியதுன்னு எழுதி வேற வெச்சிருக்கேன். பொய்யா எழுதினேன்னு தெரிஞ்சா இங்க மட்டும் இல்ல, எந்த லேப்லயும் என்ன சேக்க மாட்டாங்க."

சிம்ரனைக் காப்பாற்றத்தான் வள்ளி சொல்ல வந்தாள், சொன்னால் சிம்ரனே அழிந்துபோவாள். தூறல் ஆரம்பித்தது. காவல்காரர் குடை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அந்த மருந்து நல்லதா இருந்தா?" என்று வள்ளி கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"யாருக்கும் தெரியாதா?"

"நாம சொல்லலன்னா யாருக்கும் தெரியாது."

வள்ளி அவளைக் கைபிடித்துப் படியிலிருந்து எழுப்பினாள். குரல் தெளிவாக இருந்தது. "சிம்ரன், நீ ஒரு தடவ கழுவிட்டுத்தான் போன் பேசப் போன. சரியா? நான்தான் உன்னக் கேக்காம உள்ள வந்தேன். நீலம் நிக்குதேன்னு பாத்தேன், என் இஷ்டத்துக்கு திரும்ப அலசினேன். உனுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ வாய தெறக்காத."

"அக்கா..."

"தெறக்காதன்றேன்ல."

ஆனந்தகுமார் சார் அறையில் வள்ளி நின்று சொன்னாள். சிம்ரனையும் கூப்பிட்டார்கள். அவள் கதவோரம் நின்றாள். சார் நோட்டைப் புரட்டிக் கையெழுத்தைப் பார்த்தார், வள்ளியைப் பார்த்தார்.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"தெளியற வரைக்கும் சார்."

"அதான், எத்தனை?"

"நாங்க எண்ணறது கெடயாது சார். தண்ணியத்தான் பாப்போம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படலாமா கூடாதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. ரிப்போர்ட் போய்விட்டது, கம்பெனிக்கு இப்போது என்ன எழுதுவது? எழுதாமல் விட்டாலோ? நோட்டை மூடி வைத்துவிட்டு, "நல்ல வேளை சொன்னீங்க" என்றார். உடனேயே, "ஆனா அட்டெண்டர் அந்த ரூமுக்குள்ள கை வெச்சது தெரிஞ்ச பிறகு உங்கள இங்க வெச்சிக்க என்னால முடியாதும்மா" என்றார்.

பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "சிம்ரன், இவங்க சொல்றதுதானா நடந்தது? உனக்குத் தெரியாமத்தான் பண்ணாங்களா?"

சிம்ரன் தரையைப் பார்த்தாள். "ஆமா சார்."

வள்ளி கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக வராத வெயில் அன்றைக்குப் பார்த்து வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் போனது. தை முகூர்த்தத்துக்குப் பட்டு குவிந்தது. அலச வந்த ஆள் வேறு பட்டறைக்கு மாறிவிட்டான். தேவேந்திரன் புதுசாக ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டால் பட்டு விரலுக்குத் தெரியவில்லை, கழி சிக்கலாயிற்று. நாலு நாளில் கழற்றி எறிந்தாள். பத்தாம் நாள் விரலிடுக்கு அரிக்க ஆரம்பித்தது. இராத்திரிச் சோற்றைத் தேவேந்திரனே பிசைந்து உருட்டிக் கொடுத்தான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை சிம்ரன் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வள்ளி தொட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்பா தோள் எப்படி என்று கேட்டாள். ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றாள் சிம்ரன்.

"திரும்ப டெஸ்ட் பண்ணோம்கா. மூணு வாட்டி பண்ணோம், ஒவ்வொண்ணும் வேற வேற நாள்ல. கடைசி வரிசைல மட்டும்தான் செல்லு செத்துச்சி. மீதி எல்லாம் ஊதா. மருந்து பாஸாயிடிச்சி."

"அப்ப நான்தான் கொன்னேன்."

"கடைசி வரிசைய இல்ல. மத்தத."

பட்டுக்கழி ஒன்று அண்டாவில் திரும்பிக்கொண்டிருந்தது. தேவேந்திரன் கழியைத் திருப்புகிற சாக்கில் காதை இங்கே வைத்திருந்தான்.

"அப்றம் வைரஸுக்கு அனுப்பிச்சாங்க, பெரிய லேபுக்கு" என்றாள் சிம்ரன்.

"அடக்கிச்சா?"

"இல்லக்கா. அது பாட்டுக்கு வளந்துச்சாம். மருந்து ஒண்ணுமே செய்யல."

தேவேந்திரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வள்ளிக்கும் சிரிப்பு வரும்போல் இருந்தது, வரவில்லை. "அப்ப நான் போய் சொன்னது இன்னாத்துக்கு?"

"கொல்லவும் இல்ல, அடக்கவும் இல்லன்னு இப்ப தெரியுதில்லக்கா. சார் அப்டித்தான் சொல்றாரு. ரிசல்ட்டுக்கு கீழ அத்த அழுத்தி எழுதினாரு. இப்ப துத்தநாகத்துல ஒண்ணு வந்திருக்குது. என்னயே பண்ணச் சொல்லிட்டாங்க, ரெண்டு வருசத்துக்கு."

"நல்லதும்மா" என்றாள் வள்ளி. நிஜமாகவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிம்ரன் அவள் கையைப் பார்த்துவிட்டாள். வள்ளி மறைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சிவந்து, விரல் முட்டுகளில் வெடித்திருந்தது. சிம்ரனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அக்கா, நீங்கதான வாய தெறக்காதன்னு சொன்னீங்க. அதனாலதான்கா நான்..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவள்தான் சொன்னாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண் சொன்னபடி கேட்டது, பிழைத்துக்கொண்டது, எல்லாம் நினைத்தபடியே நடந்தது. பின்னே ஏன் இந்த இரண்டு மாதமாக, கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்ன அந்த "ஆமா சார்" காதிலேயே நிற்கிறது என்று வள்ளிக்கு விளங்கவில்லை. தன் பேரில்தான் கோபமா, இவள் பேரிலா என்றும் தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் மறுபடியும். பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். "இருந்தாலும், நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

சிம்ரன் பிடித்த கையை விடவில்லை.